'குறிப்பாக எவருமில்லை': ஒரு மெக்ஸிகோ இசைத்தட்டு

வானொலி எதை ஒலிபரப்பாமல் விடுகிறது என்பதும் ஒரு நாட்டு இசையின் போக்கை மாற்றிவிடக் கூடும். 1980-ஆம் ஆண்டில் மெக்ஸிகோவில் வெளிவந்த ஓர் இசைத்தட்டைக் கொண்டு இதனை விளக்க விழைகிறோம். 'நாதியே என் எஸ்பெஸியால்' என்பது அதன் பெயர். ஸ்பானிஷ் மொழியில் 'குறிப்பாக எவருமில்லை' என்று பொருள்படும். இசைத்தவர்கள் 'சாக் மோல்' என்னும் குழுவினர்.

இத்தட்டின் அருமையை உணர, முன்நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். 1971 செப்டம்பர் 11, 12 தேதிகளில் அவாந்தரோ என்னுமிடத்தில் ராக் இசைவிழா ஒன்று நடைபெற்றது. மோட்டார்ப் பந்தயத்துடன் சேர்த்து நடத்தத் திட்டமிடப்பட்ட விழா அது. லட்சத்திற்கும் மேற்பட்ட இளைஞர்கள் திரண்டுவிடவே, பந்தயம் கைவிடப்பட்டது. ஒரு வானொலி நிலையம் விழாவை நேரடியாக ஒலிபரப்பிற்று. மேடையில் ஆபாசச் சொல் எழுந்ததும் ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது.

1968-லும் 1971 ஜூனிலும் மாணவர் கிளர்ச்சிகள் குருதியில் ஒடுக்கப்பட்ட நாடு அது. இளைஞர்கள் பெருந்திரளாகக் கூடுவதையே ஆட்சியாளர்கள் ஐயுற்றனர். விழாவுக்குப் பின் ராக் இசைக்கு வானொலியும் அரங்குகளும் பெரும்பாலும் கதவடைத்தன. நகர்ப்புற ஏழைப் பகுதிகளில், பாழடைந்த கிடங்குகளிலும் கொட்டகைகளிலுமே அது உயிர் தரித்தது.

இந்நிலையில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்ததே இத்தட்டு. 'புரோகிரஸிவ் ராக்' எனப்படும் வகையைச் சேர்ந்தது இது. மூன்று நிமிடப் பாட்டு என்னும் வரம்பை மீறி, தாளத்தையும் கதியையும் இடையிடையே மாற்றி, மேனாட்டுச் சாஸ்திரீய இசையின் கருவிகளையும் சேர்த்துக்கொள்வது இவ்வகையின் இயல்பு. சாக் மோல் குழுவில் ஹோர்ஹே ரேயெஸ் கிதாரும் புல்லாங்குழலும் வாசித்தார். மௌரிஸியோ பியெலெத்தோ, வயலின் இனத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியமாகிய செல்லோவை இசைத்தார். கார்லோஸ் அல்வராதோவின் மின்விசைப்பலகை இவற்றைப் பிணைத்தது. பல ஊற்றுகளிலிருந்து வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் இசை என்று இதனைக் கூறலாம்.

அவாந்தரோவில் பாடிய குழுக்களுள் பல ஆங்கிலத்திலேயே பாடின. இவர்களோ தம் மக்கள் மொழியாகிய ஸ்பானிஷில் பாடினர். சொந்த மொழி காதில் விழாத ஊரில் வாழ்ந்தவர்கள் இதன் பெருமையை நன்கறிவர்.

குழுவின் பெயரும் கருதத் தக்கது. முழங்கால்களை மடக்கி, சற்றே சாய்ந்து, முகத்தை ஒருபுறம் திருப்பி, வயிற்றின்மேல் தட்டொன்றை ஏந்தியிருக்கும் பழங்காலக் கற்சிலையே சாக் மோல். சிச்சென் இட்ஸா, தூலா முதலிய இடங்களில் இத்தகைய சிலைகள் கிடைத்துள்ளன.

பெயர் மண்ணுக்குரியதாயினும், தட்டில் ஒலிப்பது பெரும்பாலும் ஐரோப்பிய இசை மரபே. இக்குறையை மறைத்தல் தகாது. ஆயினும் அதே ரேயெஸ், பின்னாளில் களிமண் ஊதுகுழல், சங்கு, மரமுரசு முதலிய பழங்கருவிகளைத் தேடிச் சென்றார். 2009-இல் மறையும் வரை அவற்றின் ஒலியைத் தம் இசைக்கு ஆதாரமாகக் கொண்டார். அப்பயணத்தின் முதற்படிகளுள் ஒன்று இத்தட்டில் இருக்கிறது.

வானொலி வாய்மூடினும் இசை மாய்வதில்லை. ஆனால் ஒரு தலைமுறை அதனைக் கேளாமலே வளர்ந்துவிடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்வது எளிதன்று.