பிள்ளையின் ஓவியங்களைக் கம்ப்யூட்டரில் பாதுகாக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் அதில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பாட்டு, சினிமா, கடிதம் என்று பதில் வரும். உங்கள் மகனோ மகளோ ஓவியராக இருந்தால் இன்னொரு நல்ல வேலையும் இருக்கிறது.

என் மகள் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவள். கோவில் குளங்களையும் கடைத்தெருக்களையும் நீர்வண்ணத்தில் வரைகிறாள். "படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று கேட்ட உறவினர்கள், இன்று அவள் வரைந்த புத்தக அட்டைகளை வாங்கிப் பார்க்கிறார்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் எழுத்தாளர் வீட்டில் அவர் புத்தகம் இருக்கும். ஓவியம் விற்றுவிட்டால் வீட்டை விட்டே போய்விடும். எனவே போகும் முன் ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் பதிந்துவிடுகிறேன்.

ஸ்கேன் செய்வது எப்படி?

ஏ4 அளவு வரையுள்ள ஓவியங்களுக்குச் சாதாரண ஸ்கேனர் போதும். ரெசல்யூஷனை 300 டிபிஐ என்று வைத்திடுங்கள். ஒரு ஏ4 தாள் 2480 x 3508 பிக்ஸெல் கொண்ட படமாகக் கிடைக்கும். கரி, பேஸ்டல் ஓவியங்களை ஸ்கேனரில் வைக்க வேண்டாம். தூள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இவற்றையும் பெரிய ஓவியங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கேமராவை நேராகப் பிடித்துப் படம் எடுக்கலாம்.

மூலப் படத்தை டிஃப் பைலாக சேவ் செய்திடுங்கள். ஓர் ஏ4 படம் சுமார் 25 மெகா பைட் இடம் பிடிக்கும். ஜேபெக் பைல் சிறியது. ஆனால் திருத்தித் திருத்தி சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் தரம் சற்றுக் குறையும். மற்றவர்களுக்கு அனுப்ப, பெயின்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து கண்ட்ரோல் + டபிள்யூ அழுத்தி, அளவை 25 சதவீதமாகக் குறைத்து, வேறு பெயரில் ஜேபெக் பைலாக சேவ் செய்தால் போதும்.

பட்டியலும் வேண்டும்

எக்ஸெல்லில் ஒரு பட்டியல் தயாரித்திடுங்கள். பைல் பெயர், தலைப்பு, வரைந்த ஆண்டு, வண்ண வகை, சென்டிமீட்டரில் நீள அகலம், வாங்கியவர் என ஆறு கட்டங்கள் போதும். தலைப்பைப் பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள். நான் "குளம்" என்று நினைத்த படத்துக்கு என் மகள் வைத்திருந்த பெயர் "அம்மா காத்திருந்த இடம்". அதன் பிறகு அந்தப் படத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

பிரதி வேறு ஊரில்

2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளம் எங்கள் வீட்டிலும் புகுந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த 41 நீர்வண்ண ஓவியங்கள் கரைந்துபோயின. கம்ப்யூட்டரும் நனைந்தது. ஆனால் 41 படங்களின் பிரதியும் டிவிடியில், திருச்சியில் என் தங்கை வீட்டில் பத்திரமாக இருந்தது. மறுவாரம் அதை வாங்கி வந்து மகளுக்குக் காட்டினேன். ஒவ்வொரு படமாகப் பார்த்தவள் கடைசியில், "மூன்றை மறுபடி வரையலாம்ப்பா" என்றாள்.

எனவே மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில்.

உரிமை யாருக்கு?

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் தானாக வரைந்த ஓவியத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை காப்புரிமை அவரிடமே இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். பிறர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை அவர்களுக்குப் போகும். அதையும் பட்டியலில் குறித்திடுங்கள். பெற்றோரே ஆனாலும் படத்தை வெளியே அனுப்பும் முன் பிள்ளையின் அனுமதியைக் கேட்டுவிடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஐந்து படங்களுடன் தொடங்கலாம். முதலில், விற்பனைக்குப் போக இருப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.