பனிக்குட நீரைக் காட்டிக்கொடுக்கும் புரதம்

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு அணையின் நீர்ப்பரப்பைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கிறது இஞ்சிக்குழி. காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பு. மாதம் நிறையாத ஒரு கர்ப்பிணி அங்கே, "தண்ணி போற மாதிரி இருக்கு" என்று சொன்னால், உடனே ஒரு பெரிய முடிவு எடுத்தாக வேண்டும். பனிக்குடம் உடைந்திருந்தால் கருப்பைக்குள் கிருமித்தொற்று ஏறலாம். தொப்புள்கொடி நழுவி இறங்கலாம். அம்பாசமுத்திரத்துக்கோ திருநெல்வேலிக்கோ அவளைக் கொண்டுபோகத்தான் வேண்டும். கசிந்தது சிறுநீரோ வெள்ளைப்படுதலோ என்றால் அத்தனை அலைச்சலும் வீண்.

குடம் உடைந்து கொட்டினால் சந்தேகத்துக்கே இடமில்லை. சொட்டுச் சொட்டாகக் கசியும்போதுதான் அனுபவமுள்ள மருத்துவரும் தடுமாறுகிறார். ஸ்கேன் உள்ளே எவ்வளவு நீர் இருக்கிறது என்று காட்டும். வெளியே வந்தது எது என்று சொல்லாது. நைட்ரசீன் தாளை நனைத்துப் பார்ப்பது பழைய வழி. பிறப்புப் பாதை அமிலத்தன்மை கொண்டது, பனிக்குட நீர் சற்றே காரம்; அதனால் தாள் நீலமாகும். ஆனால் இரத்தம் கலந்தாலும், விந்து கலந்தாலும், சில தொற்றுகள் இருந்தாலும் அதே நீலம்தான்.

இங்கேதான் ஒரு புரதம் உதவிக்கு வருகிறது. உடலில் இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் தனியாகத் திரிவது குறைவு. 6 வகைப் பிணைப்புப் புரதங்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு, எங்கே எப்போது வேலை செய்யலாம் என்று கட்டுப்படுத்துகின்றன. மூன்றாம் வகையை இரத்தத்தில் அளந்து, வளராத குழந்தைக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவா என்று பார்க்கிறார்கள். முதலாம் வகை வேறு விதம். கருவின் கல்லீரலும் கர்ப்பகாலக் கருப்பையின் உட்படலமும் அதைச் சுரக்கின்றன. தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட 100 முதல் 1,000 மடங்கு வரை அது பனிக்குட நீரில் இருக்கிறது. சிறுநீரிலும் விந்திலும் அநேகமாக இல்லை. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கும்போது நுணுக்கமான கருவியே தேவையில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

1980-இல் ஜெர்மனியில் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, 'நஞ்சுக்கொடிப் புரதம் 12' என்று பெயரிட்டிருந்தார்கள். அதுவும் இந்த முதலாம் வகைப் பிணைப்புப் புரதமும் ஒன்றே என்பது பிறகு தெளிவானது. ஹெல்சிங்கியில் ஈவா-மார்யா ரூட்டானென் குழுவினர் 1990-களில் இதைப் பட்டைச் சோதனையாகச் சோதித்துப் பார்த்தார்கள். பஞ்சுக்குச்சியில் எடுத்த கசிவைக் கரைசலில் கலக்கி, பட்டையை நனைத்தால், இந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் சில நிமிடங்களில் கோடு காட்டும். பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கோடு, பனிக்குட நீர் இருந்தால் இரண்டாவது.

மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். பெரிய மருத்துவமனைகளில் எப்படியும் வேறு வழிகள் உண்டு. தூரத்தில் இருப்பவளுக்குத்தான் அந்தச் சில நிமிடங்களின் பலன் அதிகம். ஆனாலும் கசிவு நின்று பல மணி நேரம் ஆகிவிட்டால் கோடு விழாமல் போகலாம். இரத்தப்போக்கு அதிகமானால் முடிவு குழம்பலாம். இரண்டாவது கோடு வராவிட்டாலும் கசிவு தொடர்ந்தால், காய்ச்சல் அடித்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.