அம்மா போனில் வீடியோ பார்க்கும் பிள்ளைக்கு ஒப்புதல் விதி உதவுமா?

“2027 மே மாதத்துக்குப் பிறகு பிள்ளைகள் போனே தொடக்கூடாதாமே?” நம் பக்கத்துக் குரும்பகரம், நெடுங்காடு ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி இருக்கிறது. யூடியூப் பார்க்க ஆதார் நகல் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்குத் தந்த 18 மாத அவகாசம் 2027 மே மாதத்தில் முடிகிறது. அதன்பின் 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாள, பெற்றோரின் ‘சரிபார்க்கத்தக்க ஒப்புதல்’ வேண்டும். பிள்ளைகளைக் கண்காணித்து விளம்பரம் காட்டக்கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

சரிபார்ப்பது எதை என்பதில்தான் சிக்கல். ஒப்புதல் தருபவர் அடையாளம் தெரிந்த, வயது வந்த ஆளா என்று நிறுவனம் பார்க்க வேண்டும். தன்னிடம் ஏற்கெனவே உள்ள விவரத்தை வைத்துப் பார்க்கலாம்; டிஜிலாக்கர் வழியாக வரும் அடையாள டோக்கனையும் ஏற்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அவர் அந்தப் பிள்ளையின் பெற்றோர்தானா என்று உறுதிசெய்யும் வழியை விதி சொல்லவில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. விதியில் தந்துள்ள எடுத்துக்காட்டுகள், பிள்ளையோ பெற்றோரோ தாமாக முன்வந்து சொல்வதிலிருந்தே தொடங்குகின்றன. யாரும் சொல்லாவிட்டால்?

நம் பக்கத்துப் பல வீடுகளில் போனும் அம்மாவுடையது, கணக்கும் அம்மாவுடையது. உலை கொதிக்கும்வரை பிள்ளை கையில் அதைக் கொடுத்தால், பார்ப்பது பெரியவர் என்றே யூடியூப் எடுத்துக்கொள்ளும். 18 வயதுக்குட்பட்டோருக்கு 2021-ல் கூகுள் சில காப்புகளை அறிவித்தது. அமைப்பை மாற்றாதவரை அடுத்த வீடியோ தானாக ஓடாது. வயது, விருப்பம் பார்த்து விளம்பரம் வராது. இவை கணக்கில் பதிந்த வயதைப் பொறுத்தவை. அம்மா கணக்குக்குக் கிடையாது. அங்கே ஒன்று முடியுமுன் அடுத்தது வரிசையில் நிற்கும். ‘போதும்’ என்று பிள்ளைக்குத் தோன்றக்கூடிய இடைவெளியே இல்லாமல் போகிறது. போனைப் பிடுங்கும்போது வரும் அழுகையை வெறும் அடம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஒப்புதல் விதியும் ஆளுக்கொரு போன் உள்ள வீட்டை நினைத்து எழுதிய பாதுகாப்புதான். பிள்ளைகள் காக்கப்பட்டுவிட்டார்கள் என்று அரசு சொன்னால் நம்பாதீர்கள்.

2027 வரை காத்திருக்கவும் வேண்டாம். தானாக ஓடும் ‘ஆட்டோபிளே’யை இன்றே அணையுங்கள். சின்னப் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸில் தனிக் கணக்கு வையுங்கள். அதில் நேர வரம்பும் வைக்கலாம்.

எவ்வளவு நேரம் பார்க்கலாம்? இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை இது: 2 வயதுக்குள் திரையே கூடாது; 2 முதல் 5 வயது வரை பெரியவர் உடனிருக்க 1 மணி நேரத்துக்குள்; 5 முதல் 10 வரை 2 மணி நேரத்துக்குள்.

வளைகுடாவிலிருந்து அப்பா வீடியோ காலில் பேசினால்? கைக்குழந்தையும் எப்போதாவது பார்க்கலாம். அதற்கு விலக்கு உண்டு.

பள்ளியின் செயலி? கல்விக்காகவும் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கப் பள்ளிகளுக்கு இந்த விதிகளில் விலக்கு இருக்கிறது.

இந்தச் சட்டம் ஆஸ்திரேலியா மாதிரி தடையா? இல்லை. அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் குறிப்பிட்ட சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது.

ஊர் சேர்ந்து ஏதாவது செய்யலாமா? மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம் 2022-ல் செய்தது. மாலை 7 மணிக்குக் கோயில் சைரன் ஒலித்ததும் டிவி, போன் எல்லாவற்றையும் அணைப்பார்கள், 8.30 வரை யாரும் தொடமாட்டார்கள், பெரியவர்களும் சேர்த்துத்தான்.