நொறுங்கிய டி.என்.ஏ. மீண்டும் ஒன்றுசேரும் விதம்

வைகாசி வெயிலில் தூத்துக்குடி உப்பள வரப்பில் நின்று பாருங்கள். உப்பு திரளும் பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் தெரியும். அது அழுக்கு அல்ல; ஹாலோபாக்டீரியம் போன்ற உப்புவிரும்பி நுண்ணுயிர்களின் நிறம். பெயரில் பாக்டீரியா இருந்தாலும் இது ஆர்க்கியா என்னும் தனிப் பிரிவு. பாத்தி காயும்போது இதன் உடலும் காய்கிறது; உள்ளே டி.என்.ஏ. துண்டு துண்டாகிறது. காமா கதிர் செய்வதும் இதே சேதத்தைத்தான். மனிதரைக் கொல்ல 5 கிரே (உடல் ஏற்கும் கதிரின் அலகு) கதிர் போதும். 5,000 கிரே பட்ட பிறகும் ஹாலோபாக்டீரியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பிழைக்கிறது.

உடைந்த டி.என்.ஏ. எப்படிச் சேர்கிறது என்பதை அறிவியலாளர்கள் படிப்படியாகக் கண்டது, இதேபோல் கதிரைத் தாங்கும் டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்ற பாக்டீரியாவில். 1956-ல் அமெரிக்காவின் ஓரிகனில், காமா கதிர் பாய்ச்சிய இறைச்சி டப்பா ஒன்று கெட்டுப்போனபோது அகப்பட்டது இது.

முதல் படி, காவல். கதிர் பட்டால் இதன் டி.என்.ஏ.வும் மற்ற பாக்டீரியாக்களைப் போலவே உடைகிறது. ஆனால் செல்லில் நிறைந்திருக்கும் மாங்கனீசுச் சேர்மங்கள் புரதங்களைச் சிதையாமல் காக்கின்றன. பழுது பார்க்கும் புரதங்கள் பிழைத்திருப்பதால்தான் அடுத்த வேலை நடக்கிறது.

இரண்டாம் படி, துப்புரவு. சிதைந்த முனைகள் நறுக்கப்படுகின்றன. கெட்ட துணுக்குகள் செல்லுக்கு வெளியே தள்ளப்படுகின்றன.

மூன்றாம் படியில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்த பாக்டீரியாவில் மரபுத்தொகுதி நான்கு முதல் பத்துப் பிரதிகள் வரை உண்டு. ஒரே நாளிதழின் நாலு பிரதிகளைக் கிழித்துப் போட்டால், ஒன்று கிழிந்த இடம் இன்னொன்றில் முழுசாக இருக்கும் அல்லவா? அப்படித்தான் ஒரு துண்டின் முனை, தன் எழுத்துவரிசைக்குப் பொருந்தும் இன்னொரு துண்டைத் தேடிப் பிடிக்கிறது. அதைப் பார்த்து விடுபட்டதை எழுதிக்கொண்டே நீள்கிறது. இப்படி நீண்ட இழைகள் தம் இணையைக் கண்டு ஒட்டிக்கொள்கின்றன. உயிரியலாளர் மிரோஸ்லாவ் ராட்மனின் குழு இதை 2006-ல் விளக்கியது.

நான்காம் படி, முழுமையாக்கல். ரெக்-ஏ என்ற புரதம் நீண்ட துண்டுகளை இணைத்து, வட்டமான குரோமோசோமை மீட்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட உடைப்புகள் சில மணி நேரத்தில் சரியாகிவிடுகின்றன.

இந்த வல்லமை நமக்கும் உதவும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இந்த பாக்டீரியாவில் வேறொரு மரபணுவைச் சேர்த்து, கரைசலில் கலந்த யுரேனியத்தைப் படியவைத்துப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

பூமியில் இயற்கையாக எங்கும் இவ்வளவு கதிர்வீச்சு இல்லையே, பிறகு எதற்கு இந்தத் திறமை? 1996-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு விடை சொன்னது: கதிரைத் தாங்கும் சக்தியை இழந்த டைனோகாக்கஸ் வகைகள், உலரவைத்தபோதும் மடிந்தன. வறட்சியைத் தாங்கப் பழகிய உயிருக்குக் கதிரைத் தாங்கும் பலமும் கூடவே வந்திருக்கிறது. அந்த வறட்சியை நம் உப்பளத்துச் சிவப்பு உயிர்கள் ஒவ்வொரு கோடையிலும் சந்திக்கின்றன.