பரம்பிக்குளத்தின் கொல்லைப்புறம் வழியாக

புலி தன் எல்லையைக் குறிக்க மரத்தில் பீய்ச்சிவிட்டுப் போகுமே, அது பாஸ்மதி அரிசி மணம் மணக்கும். அச்சுப்பிழை இல்லை, சரியாகத்தான் படித்தீர்கள். பாஸ்மதிக்கும் பிரியாணியில் போடுகிற ரம்பை இலைக்கும் அந்த வாசத்தைக் கொடுப்பது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்கிற வேதிப்பொருள். புலியின் பீய்ச்சலிலும் அதே பொருள் இருப்பதை ஆர்.எல். பிரம்மச்சாரி என்கிற வங்காள விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். பரம்பிக்குளத்தில் வழிகாட்டி அண்ணன் பாதையோரத்து மருத மரம் ஒன்றின் அடியில் நின்று, பட்டையில் இருந்த ஈரத்தைக் காட்டி, “மோந்து பாக்கறீங்களா?” என்று கேட்டதுதான் தாமதம், மூக்கை நீட்டிவிட்டேன். வந்தது! முதலில் நெடி, அதற்கு அடியில் லேசாக, ரொம்ப லேசாக, சோறு வெந்த வாசம். பக்கத்தில் நின்ற நண்பருக்கு நெடி மட்டும்தான் வந்ததாம். பாவம்.

புலியைப் பார்த்தாயா என்று கேட்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். பார்க்கவில்லை. அது வாசலில் வந்து போஸ் கொடுப்பதை வண்டியில் போகிறவர்கள் பார்க்கட்டும். நடந்து போகிறவர்களுக்குக் கிடைப்பது கொல்லைப்புறம். யார் எங்கே படுத்தார்கள், என்ன தின்றார்கள், யாருக்கு யாரோடு ஆகாது, எல்லாச் சங்கதியும் அங்கேதான் கிடக்கும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

இந்தக் காட்டுக்குள் நுழைவதே ஒரு வேடிக்கை. பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டிப் பாதை தமிழ்நாட்டுக்குள்ளே சுற்றித்தான் போகிறது. பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப், அதற்குப் பிறகு ஆனைப்பாடி செக்போஸ்ட். கேரளத்துக்காரரே தன் ஊர்க் காட்டைப் பார்க்க நம் ஊர் வழியாக வர வேண்டும்! 2010இல் புலிகள் காப்பகமானது, சுமார் 643 சதுர கிலோமீட்டர். வழிகாட்டி இல்லாமல் ஒரு அடி நடக்க விடமாட்டார்கள். அந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த காடர், மலசர், மலைமலசர், முதுவர். எங்கள் அண்ணன் காடர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார், அதுவும் அவசியம் வந்தால்தான்.

நாங்கள் போனது மார்கழிக் கடைசி. தேக்கு இலை உதிர்க்கத் தொடங்கும் பருவம், ஓடைகளிலும் தண்ணீர் ஓடுகிறது. முறம் அகலத்துக்கு ஒரு சருகு. காலை வைத்தால் காடே கேட்கிற மாதிரி நொறுங்குகிறது. நான் திருடன்போல முன்பாதம் ஊன்றி நடந்து காட்டினேன். அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாதாரணமாக நடந்தார். நம் சத்தம் விலங்குக்குத் தெரிவது நல்லதாம். எதிர்பாராமல் முகத்துக்கு முகம் பார்ப்பதுதான் ஆபத்து.

இனி ஆனை. ஈரமண்ணில் வட்டமாக ஒரு முன்னங்கால் தடம். அண்ணன் ஒரு கொடியை அறுத்துத் தடத்தின் விளிம்பைச் சுற்றி வைத்தார், அளவுக்கு நறுக்கினார். பிறகு அந்தக் கொடியைத் தரையிலிருந்து நேராகப் பிடித்து, முனை வந்த இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து இன்னொரு மடங்கு. முன்னங்கால் சுற்றளவைப் போல இரண்டு பங்கு, அதுதான் ஆனையின் தோள் உயரம். கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வரும் என்று ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள். கொடியின் முனை என் தலைக்கு மேலே இரண்டு சாணுக்கு அதிகமாகப் போய் நின்றது. அதற்குச் சற்றுக் கீழே, பக்கத்து மரத்தில் சேறு அப்பியிருந்தது. உடம்பை உரசிக்கொண்டு போயிருக்கிறார் துரை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அண்ணன் அதற்குள் லத்தி உருண்டை ஒன்றைப் பிளந்து உள்ளே விரல் வைத்துவிட்டு, “சூடு இருக்கு” என்றார். அவ்வளவுதான், கைதட்டுகிற எண்ணமெல்லாம் போய்விட்டது.

மூன்று பாதைகள் சேருகிற இடத்தில் செந்நாய்க் கூட்டத்தின் கழிப்பிடம். ஒன்றிரண்டு இல்லை, பழசும் புதுசுமாகக் குவியல். கூட்டம் முழுக்க ஒரே இடத்தில் வந்து போவது அவற்றின் வழக்கம். அடுத்த கூட்டத்துக்கு அது அறிவிப்புப் பலகை. அண்ணன் குச்சியால் கிளறியதும் உள்ளே மயிர். புள்ளிமான்.

அந்தப் புள்ளிமான்களின் உறவினர் கூட்டத்தையும் அதற்குப் பிறகு பார்த்தோம். மேலே மந்திகள் கொழுந்தைக் கடித்துப் பாதியைக் கீழே போடுகின்றன, கீழே மான்கள் அதைத் தின்கின்றன. மந்திக்குக் கண் தூரம் போகும், மானுக்கு மூக்கு. இரண்டில் எது முதலில் புலியைக் கண்டாலும் கத்தும், மற்றது கேட்டுக்கொள்ளும். சாப்பாடும் காவலும் சேர்ந்த ஏற்பாடு. இதில் மந்திக்குத்தான் லாபம் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

ஓடை வந்ததும் எல்லோரும் செல்போனை எடுப்பார்கள். நாங்களும் எடுத்தோம். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். காட்டிலேயே ரொம்பக் கவனம் வேண்டிய இடம் இதுதானாம். தண்ணீர்ச் சத்தத்தில் நாம் வருவது ஆனைக்குக் கேட்காது, ஆனை மூங்கிலை முறிப்பது நமக்கும் கேட்காது. அவர் முதலில் அந்தக் கரையைப் பார்த்தார், பிறகு காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தார், அப்புறம்தான் “வாங்க”. நடு ஓடைப் பாறை ஒன்றில் நொறுங்கிய நண்டு ஓடுகளோடு கிடந்தது கறுப்பு எச்சம். நீர்நாய்! குனிந்து பார்த்தால் நண்டுக் கொடுக்கின் ஆரஞ்சு நுனி அப்படியே தெரிகிறது. மீன் நாற்றம் மண்டையைப் பிளந்தது. இந்த முறை நண்பர் முந்திக்கொண்டு மோந்தார், பழி தீர்க்கிற முகத்தோடு.

ஓடையோரம் மட்டும் காடு இலை உதிர்ப்பதில்லை. அங்கே உயர்ந்த மரங்களில் இருவாச்சிகள் குடும்பம் நடத்துகின்றன, அந்தக் குடும்பக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, தன் எச்சத்தையே குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று, அவ்வளவுதான். உள்ளே முட்டை, உள்ளேயே இறகு உதிர்ப்பு. வாரக்கணக்கில் ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பொந்து இருக்கிற மரத்தைக் கண்டுபிடிக்க அண்ணாந்து பார்க்க வேண்டாம், கீழே குனிந்தால் போதும். அடிமரத்தைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கும் விதைகள் உள்ளே என்ன சமையல் என்று சொல்லிவிடும். பக்கத்து வாழச்சால் காட்டில், முன்பு குஞ்சுகளை எடுத்துக்கொண்டிருந்த காடர்களே இன்று பொந்துகளுக்குக் காவல். எங்கள் அண்ணனுக்கும் ஒரு மரம் தெரியும். காட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

இத்தனை அமைதியான இந்தக் காடு ஒரு காலத்தில் மரத் தொழிற்சாலை. 1907 முதல் 1963 வரை இங்கிருந்து சாலக்குடிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் கொச்சி சமஸ்தானத்து டிராம் ஓடியது, தேக்கும் ஈட்டியும் ஏற்றிக்கொண்டு. செங்குத்தான சரிவுகளில் இன்ஜின் கிடையாது. மரம் ஏற்றிய பெட்டி கீழே இறங்கும் பாரத்தில், அதே கயிற்றின் மறுமுனையில் காலிப் பெட்டி மேலே ஏறும். எனக்கு இதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. ஒரு சொட்டு எண்ணெய், ஒரு கரண்டி கரி செலவில்லை! சலீம் அலி 1930களில் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்து குரியார்குட்டியில் தங்கியது இந்த டிராம் பாதையில்தான். அந்த வெட்டுக்கெல்லாம் தப்பி நிற்கிறது கன்னிமாரா தேக்கு. ஐந்து பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியும். கோடரி போட்டபோது ரத்தம் வந்ததால் விட்டுவிட்டார்கள் என்பது உள்ளூர்க் கதை. 1994-95இல் மகாவிருக்ஷ புரஸ்கார் விருதும் வாங்கியிருக்கிறது. படம் எடுக்கக் கூட்டம் நெருக்கியடித்ததால் நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

திரும்பும் வழியில் பாதையோரத்துப் புல்லை அகலமாகச் சீவி, சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள் பத்துப் பதினைந்து பேர். தீத்தடுப்புக் கோடு. கோடை வருமுன் இந்தப் பட்டையைச் சுத்தம் செய்து, காற்றில்லாத நேரம் பார்த்துத் தாங்களே அளவாகக் கொளுத்திவிடுவார்கள். பிறகு காட்டுத் தீ வந்தாலும் தாண்டத் தீனி இருக்காது. இலையுதிர் காட்டின் மொத்த உயிரும் இந்த விளக்குமாற்று வேலையில்தான் நிற்கிறது. யாரும் இதைப் படம் எடுப்பதில்லை, நானும் அவர்களிடம் டீ வாங்கிக் குடித்ததோடு சரி.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் எதிரெதிரே கட்டிய தானியங்கி கேமராக்கள். புலியின் இடது விலாக் கோடும் வலது விலாக் கோடும் வேறுவேறு, அதனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் இது இன்ன புலி என்று அடையாளம் சொல்ல முடியும். நாலு வருடத்துக்கு ஒருமுறை நாடு முழுக்க நடக்கும் புலிக் கணக்கெடுப்பு இந்தப் படங்களை நம்பித்தான். சரி, கேமராவைக் கட்டியாயிற்று, புலி உயரத்துக்கு அது வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? அண்ணன் வெட்கத்தோடு சொன்னார். காவலர்களில் ஒருவர் நாலு காலில் தவழ்ந்து கேமராவைக் கடக்க வேண்டும்! தொப்பியோடு, காக்கிச் சட்டையோடு, முட்டி தேயத் தேய. அதனால் ஒவ்வொரு மெமரி கார்டும் தவழ்கிற மனிதரில் தொடங்கி, கார்டைக் கழற்ற வருகிறவரின் பூட்ஸில் முடிகிறதாம். இடையில் காட்டுமாடு, முள்ளம்பன்றி, சில சமயம் புலி, சில சமயம் கேமராவைப் பிடுங்க நீண்டு வருகிற தும்பிக்கை. “நீங்க தவழ்ந்திருக்கீங்களா அண்ணே?” என்று கேட்டேன். “போன தடவ என்னைய ரெண்டு தரம் தவழ விட்டாங்க. மொத தரம் வேகமாப் போயிட்டேனாம்.”