ரூம் எங்கே போடலாம்?

"அண்ணே, வியாழக்கிழமை மெட்ராஸ்ல இன்டர்வியூ. எந்த ஏரியால ரூம் சீப்?" ஊரிலிருந்து சித்தப்பா மகன் போனில் கேட்டான்.

"இன்டர்வியூ எங்கேடா?"

"மெயில்ல இருக்கும்ணே. இன்னும் பாக்கல!"

நானும் இப்படித்தான் இருந்தேன். 2010-ல் பி.காம். முடித்த கையோடு பெருங்குடியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. காலை ஒன்பதரைக்கு. திருநெல்வேலி பஸ் கோயம்பேட்டில் இறக்கிவிட்டது. பக்கத்திலேயே மலிவாக லாட்ஜ். எண்பது ரூபாய் மிச்சம் என்று மனசுக்குள் வரவு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் எட்டு மணிக்குப் பஸ் ஏறினேன். கிண்டி வரும்போதே ஒன்பதேகால். பதறிப்போய் ஆட்டோ. முந்நூறு ரூபாய் காலி. போய் நின்றபோது பத்தேகால். "உங்க பேரைக் கூப்பிட்டு முடிச்சாச்சே தம்பி" என்றார் வாட்ச்மேன்.

ராத்திரி அப்பா போனில், "நல்லாப் பண்ணியாடா?" என்றார். "பண்ணினேன்ப்பா" என்றேன். அந்தப் பொய் இன்னும் என் பற்றுக் கணக்கில் நிற்கிறது.

ஆகவே நண்பர்களே, 'எங்கே சீப்?' என்று கேட்காதீர்கள். 'காலையில் நான் எங்கே இருக்கணும்?' என்று கேளுங்கள்.

கிண்டிப் பக்கம் வேலையா? எழும்பூர். கென்னட் லேனில் வரிசையாக லாட்ஜ்கள். மின்சார ரயிலில் ஏறினால் நேரே கிண்டி. விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலமும் அதே பாதைதான்.

டைடல் பார்க், தரமணிப் பக்கமா? திருவல்லிக்கேணி. பிரம்மச்சாரிகளுக்கென்றே மேன்ஷன், மெஸ், சாயங்காலம் இலவசமாகக் கடற்கரைக் காற்று. பறக்கும் ரயில் இருப்பதால் டிராபிக் கவலை இல்லை.

தி.நகர்? கல்யாண ஜவுளி எடுக்க சரி. தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவுக்குள் பெட்டியோடு நுழைந்தால் பெட்டி ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள்.

சொந்தக்காரர் வீடு? வாடகை மிச்சம்தான். "எப்போ கல்யாணம்?" விசாரணை முடிந்து கிளம்பப் பத்து மணியாகும்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தாச்சு. தெற்கேயிருந்து வரும் அரசு பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. எழும்பூருக்கு அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். இறங்கின இடத்திலேயே ரூம் போடும் என் பழைய தப்பு இன்று இன்னும் விலை கூடியது!

மறுநாள் தம்பி மறுபடி போன் செய்தான். "கிண்டியாம்ணே. எழும்பூர்ல ரூம் கேட்டேன். நூத்தம்பது ரூபா கூட சொல்றான்."

"போடுடா. அந்த நூத்தம்பதை என் கணக்குல எழுதிக்கோ. நான் 2010-லயே குடுத்திருக்க வேண்டியது."