நிற்காமல் போன ஸ்டேஷன்கள்

முடிவு பிடிக்காத கதையைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் ஊர் வழக்கம். 2019 மே மாதம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் முடிந்தபோது ரசிகர்கள் அதோடு விடவில்லை. கடைசி சீஸனைத் தகுதியான எழுத்தாளர்களை வைத்து மறுபடியும் எடுக்க வேண்டும் என்று ஒரு மனுவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்கக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆங்கிலத் தொடர் என்றால் பர்மா பஜார் டி.வி.டி., அல்லது நண்பரின் பென் டிரைவ் என்ற காலம் அதற்குள் மலையேறிவிட்டது. அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு எச்.பி.ஓ. சேனலில் ஓடிய எபிசோட், இந்தியாவில் திங்கள் காலை ஆறரைக்கு ஹாட்ஸ்டாரில் வந்தது. விம்கோ நகர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு நிற்பவரும் நியூயார்க்கில் சோபாவில் சாய்ந்திருப்பவரும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் தலையில் அடித்துக்கொள்ளவும் செய்யலாம்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஏழு ராஜ்யங்கள், இரும்பு வாள்களை உருக்கிச் செய்த ஒரு சிம்மாசனம், அதற்கு அடித்துக்கொள்ளும் பெரிய குடும்பங்கள். வடக்கே ஒரு பெருஞ்சுவர்; அதற்கு அப்பால் செத்தவர்களை எழுப்பிப் படை திரட்டி வரும் ஒரு பனி அரசன். கடல் தாண்டி, நாடிழந்த அரச குலத்தின் கடைசிப் பெண் டெனேரிஸ், மூன்று டிராகன்களை வளர்த்துக்கொண்டு ஊர் திரும்பக் காத்திருக்கிறாள். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1996 முதல் எழுதிவரும் நாவல் வரிசைதான் மூலம். ஏழு புத்தகம் என்று திட்டம்; ஐந்தாவது 2011-இல் வந்தது, ஆறாவதை வாசகர்கள் இன்னும் பார்க்கவில்லை. தொடரோ அதே 2011 ஏப்ரலில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு சீஸன் என்று ஓடி, பாதி வழியிலேயே புத்தகத்தைத் தாண்டிவிட்டது. முதல் ஆறு சீஸன்களில் தலா பத்து எபிசோட். ஏழாவதில் ஏழு. எட்டாவதில் ஆறே ஆறு.

சோகமாக முடிந்ததால் ரசிகர்கள் கோபப்பட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். அது பொருந்தாத விளக்கம். இந்தத் தொடர் ரசிகர்களை முதலிலிருந்தே அழவைத்துத்தான் பழக்கியது. முதல் சீஸனின் நாயகன் என்று எல்லாரும் நம்பிய நெட் ஸ்டார்க் ஒன்பதாவது எபிசோடில் தலை வெட்டப்படுகிறார். அந்த வாள் இறங்குவதற்கு முன்னால் கதை எத்தனை படி இறங்கி வந்திருந்தது என்று பாருங்கள். ராணி செர்சியின் பிள்ளைகள் அரசனுக்குப் பிறந்தவர்கள் இல்லை என்று நெட் கண்டுபிடிக்கிறார். நேரே அரசனிடம் போகவில்லை. குழந்தைகள் கொல்லப்படுவார்களே என்ற இரக்கத்தில் செர்சியிடமே போய், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓடிவிடு என்று எச்சரிக்கிறார். அந்த அவகாசத்தை அவள் பயன்படுத்திக்கொள்கிறாள். அரசன் சாகிறான், காவல் படை விலைபோகிறது, மகள்களைக் காப்பாற்றப் பொய்க் குற்றத்தை நெட் ஒப்புக்கொள்கிறார், அப்படியும் தலை போகிறது. அதிர்ந்துபோன பார்வையாளர் திரும்பிப் பார்த்தால், அவருடைய நல்ல குணமே ஒவ்வொரு படியிலும் அவரைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பது தெரிகிறது. மூன்றாவது சீஸனில் கல்யாண விருந்திலேயே ஒரு குடும்பம் கூண்டோடு வெட்டிச் சாய்க்கப்பட்டபோதும் இதே கதைதான்: கொடுத்த வாக்கை மீறி வேறு பெண்ணைக் கட்டியதற்கு விலை. இந்த அடிகளை வாங்கிக்கொண்டும் கூட்டம் வருடா வருடம் பெருகியதே தவிரக் குறையவில்லை. செய்கைக்கு விளைவு உண்டு, அந்த விளைவு பொறுமையாக நடந்து வரும் என்ற விதியைத் தொடரே கற்றுக்கொடுத்திருந்தது. கடைசி சீஸன் மீறியது அந்த விதியைத்தான்.

சென்ட்ரலில் கிளம்பி எல்லா ஸ்டேஷனிலும் நின்று வந்த கும்மிடிப்பூண்டி லோக்கல், திருவொற்றியூர் தாண்டியதும் திடீரென்று எக்ஸ்பிரஸ் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் எல்லாம் ஜன்னலில் பறக்கின்றன. வண்டிக்குள் கூச்சல் போடுகிறவர் யாரும் கும்மிடிப்பூண்டி ஏன் கடைசி ஸ்டேஷன் என்று கேட்கவில்லை. எட்டாவது சீஸனில் நடந்தது இதுதான். ஏழு சீஸன்களாகப் பயமுறுத்திக்கொண்டு வந்த பனி அரசனின் யுத்தம் மூன்றாவது எபிசோடிலேயே ஒரே ராத்திரியில் முடிந்துவிடுகிறது. நான்காவதில் டெனேரிஸ் ஒரு டிராகனையும் உயிர்த்தோழியையும் இழக்கிறாள். ஐந்தாவதில் தலைநகரையே எரிக்கிறாள். ஆறாவதில் காதலன் ஜான் ஸ்னோவின் கத்தியில் சாகிறாள். முதல் சீஸனில் வடக்கிலிருந்து ஓர் அரச ஊர்வலம் தலைநகர் போய்ச் சேரவே எபிசோடுகள் பிடித்தன; கடைசிக் கட்டத்தில் கப்பலும் படையும் காட்சிக்குக் காட்சி கண்டம் தாண்டுகின்றன.

அந்த ஐந்தாவது எபிசோடை நெருங்கிப் பார்த்தால் குறை எங்கே என்று பிடிபடும். எதிரிப் படை வாளைக் கீழே போட்டுவிட்டது. சரணடைந்ததற்கு அடையாளமாக நகரத்து மணிகள் ஒலிக்கின்றன. மதில்மேல் டிராகன் முதுகில் டெனேரிஸ். கேமரா அவள் முகத்தைக் காட்டுகிறது: மூச்சு வாங்குகிறது, உதடு துடிக்கிறது, பார்வை தூரத்து அரண்மனையில் நிலைக்கிறது. டிராகன் எழும்புகிறது. அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த எபிசோட் முடியும்வரை அவள் முகம் நமக்குக் காட்டப்படவே இல்லை. கீழே தெருவில் சாம்பலுக்கு நடுவே ஓடும் ஜனங்களோடும் நெட் ஸ்டார்க்கின் மகள் ஆர்யாவோடும் நாம் விடப்படுகிறோம். நெருப்பு யார் தலையில் விழுகிறதோ அவர்கள் பக்கம் நிற்பது நேர்மையான இயக்கம் என்று வாதாடலாம். காட்சியாக அது பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் எட்டு வருடம் கூடவே வந்த ஒருத்தி, ஜெயித்த பிறகு குழந்தைகளை எரிக்க முடிவெடுக்கும் அந்த ஒரு நிமிடம் அவளுக்குள் என்ன நடந்தது என்பதைக் கதை சொல்லாமல் நழுவிவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. டெனேரிஸின் கொடூரம் முளைவிட்டது முன்பே. ரசிகர்கள்தான் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பார்கள். நான்காவது சீஸனில் 163 அடிமை முதலாளிகளை ஆணியடித்துக் கொல்ல ஆணையிட்டவள் அவள். ஆறாவதில் தன்னைச் சிறைபிடித்த குதிரைப்படைத் தலைவர்களைக் கூடாரத்தோடு கொளுத்தினாள். ஏழாவதில் மண்டியிட மறுத்த தந்தையையும் மகனையும் சேர்த்து எரித்தாள். எல்லாம் உண்மை. அவள் எப்போது பிறரை எரித்தாலும் நாம் கைதட்டினோம் என்பது யோசிக்க வேண்டிய விஷயமும்கூட. இருந்தாலும் அந்த மூன்று இடத்திலும் செத்தவர்கள் அவளை எதிர்த்தவர்கள், அல்லது அவள் விடுவிக்க வந்தவர்களை வதைத்தவர்கள். எதிரியைக் கொல்வதிலிருந்து சரணடைந்த ஊரைக் கொல்வது வரை போக இன்னொரு பாதை வேண்டும். தடயங்களை முன்கூட்டித் தூவி வைப்பது ஒரு வேலை. ஒரு மனம் உடைவதைப் படிப்படியாக நடத்திக்காட்டுவது வேறு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் ஆகிவிட்டது என்று கணக்கு எழுதினார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வழக்கு புதிதில்லை. 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை வருடம் வாராவாரம் படித்தவர்கள், கதையைச் சட்டென்று முடித்துவிட்டார் என்று கல்கிக்கு எழுதினார்கள். இந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று, அந்த முடிச்சு என்ன ஆயிற்று என்று கேள்விகள் குவிந்தன. கல்கி ஒரு முடிவுரை எழுதி அந்தக் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னார். முழுக்கக் கற்பனைக் கதை என்றால் எல்லாரையும் கல்யாணம் செய்துவைத்து முடித்துவிடலாம், சரித்திர மனிதர்களின் வாழ்க்கை அப்படி முடிவதில்லை என்ற அர்த்தத்தில் விளக்கமும் கொடுத்தார். அந்த வருட டிசம்பரிலேயே காலமானார். பிறகு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று தொடர்ச்சியே எழுதினார். ஆக, அறுபத்தைந்து வருட இடைவெளியில் இரண்டு மே மாதங்கள், கிட்டத்தட்ட ஒரே புகார். ஒன்று இன்றும் பரிசுப் புத்தகமாகக் கைமாறுகிறது. மற்றதன் முடிவை ரசிகர்களே வெளியே சொல்லக் கூசுகிறார்கள். ஏன்?

விந்தை என்னவென்றால், இரண்டு கதைகளின் முடிவும் அச்சில் ஒன்றுதான். கிரீடம் யார் தலைக்கு என்று எல்லாரும் அடித்துக்கொள்ள, கடைசியில் யாரும் எதிர்பாராத ஒரு சாதுவான இளைஞன் தலையில் அது ஏறுகிறது. அங்கே நெட் ஸ்டார்க்கின் மகன் ப்ரான், இங்கே சேந்தன் அமுதன். ராஜராஜனுக்கு முன்னால் உத்தம சோழன் ஆண்டான் என்பது சரித்திரம் தெரிந்த வாசகருக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரியும். பிறகு ராஜராஜனான அருள்மொழிவர்மர் ராஜ்யத்தைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. முடிவு தெரிந்த கதையில் கல்கி ஒளித்து வைத்தது அந்த உத்தம சோழன் யார் என்பதை மட்டும். தஞ்சைக்கு வரும் கதாநாயகன் வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் கொடுக்கும் பூத்தொண்டனாக முதல் பாகத்திலேயே சேந்தன் அமுதனை நமக்கு அறிமுகம் செய்துவிடுகிறார். அவனுடைய ஊமைத் தாய், சிவபக்தி, ஓடக்காரப் பெண் பூங்குழலி மேல் வைத்த காதல் எல்லாம் ஐந்து பாகமும் கதையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கிரீடம் அவன் தலையில் ஏறும்போது வாசகருக்கு ஆச்சரியமும் வருகிறது, ‘அட, ஆமாம்’ என்றும் வருகிறது. ப்ரானோ ஐந்தாவது சீஸன் முழுக்க ஒரு எபிசோடில்கூட இல்லை. திரும்பி வந்தவன் கடைசி சீஸனில் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்து வெறித்துப் பார்க்கிறான். இவனைவிட நல்ல கதை யாரிடம் இருக்கிறது என்று செர்சியின் தம்பி டிரியன் ஒரு பிரசங்கம் செய்ய, சபை தலையாட்டுகிறது. கதை செய்ய வேண்டியதைப் பிரசங்கம் செய்தது. 2023-இல் மணிரத்னத்தின் இரண்டாம் பாகம், சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழன் என்ற அந்த ஆள்மாறாட்டத்தை அடியோடு விட்டுவிட்டபோது நாவல் வாசகர்கள் முணுமுணுத்ததும் இதே காரணத்தால்தான். மகுடம், முதலிலிருந்தே அதைக் கேட்டுவந்த மதுராந்தகருக்கே போனது. போன வழி காணாமல் போயிற்று.

எப்படி முடித்தாலும் குறை சொல்லியிருப்பார்கள், எட்டு வருடம் ஆளாளுக்கு ஒரு முடிவை மனதில் கட்டி வைத்திருந்தார்களே என்று இன்னொரு வாதம். கொஞ்சம் உண்மை. ஆனால் ‘பிரேக்கிங் பேட்’ 2013-இல் முடிந்தபோது அதற்கும் இதே மாதிரி வெறிபிடித்த ரசிகர்கள் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் திருப்தியோடுதான் எழுந்து போனார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசி எபிசோடை அமெரிக்காவில் அன்றிரவே 1.93 கோடிப் பேர் பார்த்தார்களே, அந்த வருட எம்மி விருதுகளில் 12 அள்ளியதே என்பதும் சொல்லப்படுகிறது. கூட்டம் முந்தைய சீஸன்கள் சேர்த்துக் கொடுத்த கூட்டம். விருதில் சிறந்த நாடகத் தொடர் பட்டம் இருந்தது உண்மை. நாடகத் தொடர் எழுத்துக்கான எம்மி மட்டும் அந்த வருடம் ‘சக்சஷன்’ தொடருக்குப் போனது. மறுபடி எடு என்ற மனுவை நான் ஆதரிக்கவில்லை. 55 இரவுகள் குளிரில் ஒரு யுத்தக் காட்சியை எடுத்த தொழிலாளர்களை அது அவமதிக்கிறது என்று நெட்டின் மூத்த மகள் சான்ஸாவாக நடித்த சோஃபி டர்னர் சொன்னது நியாயம். சமையல் சரியில்லை என்று சொல்ல உரிமை உண்டு, அடுப்படிக்குள் புகுந்து கரண்டியைப் பிடுங்க உரிமை இல்லை.

ஏன் இந்த அவசரம்? மூலநாவல் தீர்ந்துபோனது பாதிக் காரணம். மார்ட்டின் தன் முடிவின் முக்கிய வரிகளைத் தயாரிப்பாளர்கள் பெனியாஃப், வைஸ் இருவரிடமும் சொல்லியிருந்தார். சேர வேண்டிய இடம் தெரியும், போகும் பாதை எழுதப்படவில்லை. ஆறாவது சீஸனுக்குப் பிறகு பதின்மூன்று எபிசோட் போதும் என்று முடிவெடுத்தவர்கள் அந்த இருவரே. கூடுதலாக எடுக்க எச்.பி.ஓ. தயாராகவே இருந்தது. நம் ஊர்த் தொலைக்காட்சியின் வியாதி இதற்கு நேரெதிர்: டி.ஆர்.பி. இருக்கும்வரை இழு, இறங்கினால் ஒரே வாரத்தில் எல்லாரையும் திருத்திச் சுபம் போடு. அதனாலேயே சீரியல் முடிவு என்றால் நாம் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் 2024 ஜூனில் ‘எதிர்நீச்சல்’ திடீரென முடிந்தபோது பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அதே வருடம் டிசம்பரில் அடுத்த பாகம் தொடங்கிவிட்டது. நீளம் கூடினால் முடிவு நன்றாக வரும் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் எபிசோட் ஓடியும் ஒரு மனமாற்றத்தை ஐந்து நிமிடத்தில் முடிக்கிறவர்கள் நம்மிடம் உண்டு.

கோபித்துக்கொண்ட அதே கூட்டம் 2022-இல் முன்கதையான ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ வந்தபோது முதல் நாளே திரும்பி வந்ததே, அப்போது கோபம் வெறும் நாடகமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உலகத்தின் மீது யாருக்கும் கோபம் இருந்ததில்லை, அதனால்தான் திரும்பினார்கள். நம் ஊரிலும் 2018-இல் வந்த ‘வட சென்னை’ படத்தின் நாயகன் அன்புவின் கதை எப்படி முடிகிறது என்று இன்றைக்கும் காத்திருப்பவர்களைக் கேட்டால், அவன் ஜெயிக்க வேண்டும் என்று பாதிப் பேர்தான் சொல்வார்கள். மீதிப் பேர் அவன் சாவதற்கும் தயார். அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இருக்காது.